காற்றை அடை

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. காரைக்குடியில் வாங்கிய மெக்கானிக்கல் டிப்ளமா ஒன்று, அதைப்போல நாலு மடங்கு மண்டைக்கனம், இரண்டையும் தூக்கிக்கொண்டு 1962 ஜனவரியில் மலாக்காவில் வந்து இறங்கினேன். மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து ஐந்தாவது வருடம். என் பெரியப்பச்சி, அப்பாவின் அண்ணன், சொக்கப்பன் செட்டியாருக்குக் காஜா பெராங்கில் ஒரு மரவள்ளிக்கிழங்கு மாவு மில் இருந்தது. புது இயந்திரம் வருகிறது, இங்கிலீஷ் படித்த நம் பையன் ஒருவன் வேண்டும் என்று ஊருக்குக் கடிதம் போட்டிருந்தார். நான்தான் அந்தப் பையன்.

அந்த இயந்திரத்தைப் பற்றியும், அதை ஓட்டிய பொன்னுதுரையைப் பற்றியும், ஒரே ஒரு வார்த்தையைப் பற்றியும்தான் சொல்லப்போகிறேன். சொல்வதால் யாருக்கும் எதுவும் திரும்பக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும்.

அதுவரைக்கும் மில்லில் மாவு காய்ந்தது வெயிலில்தான். கிழங்கை அரைத்து, கழுவி, தொட்டியில் தெளியவைத்து, அடியில் தங்குகிற மாவை வெட்டி எடுத்து முற்றத்துப் பாய்களில் பரப்புவார்கள். மலாக்கா மழைக்கு நேரம் காலம் கிடையாது. இரண்டு சொட்டு விழுந்தால் பன்னிரண்டு பெண்கள் தலைதெறிக்க ஓடிப் பாயைச் சுருட்டுவார்கள். டிரையர் வந்ததும் அவர்களில் பதினொரு பேரைப் பெரியப்பச்சி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மிச்சம் இருந்தவள் பூங்காவனம், பத்தொன்பது வயதுப் பெண். டிரையரிலிருந்து விழும் மாவை மூட்டை பிடித்துத் தைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவளுடைய அக்கா புருஷன் பொன்னுதுரை அவளுக்காகக் கெஞ்சிப் பேசி அந்த இடத்தை வாங்கிக்கொடுத்தான்.

பொன்னுதுரைக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்து, பிறகு டவுனுக்கு வந்தவன். மனைவி அஞ்சலை, மைத்துனி பூங்காவனம், மூன்று பேரும் கம்போங் செட்டி என்ற குடியிருப்புக்குப் பின்னால் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தார்கள். என்னைவிட ஒன்பது வயது பெரியவன். நான் அவனை முதல் நாளே ‘நீ’ என்றேன். அவன் என்னை ‘சார்’ என்றான்.

டிரையர் என்பது ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான இரும்புப் பெட்டி. நடுவில் ஆயிரக்கணக்கான துளைகள் போட்ட தகடு. தகட்டுக்குக் கீழே செங்கல் பதித்த அறை. அதை எண்ணெய் பர்னர் ஒன்று சூடாக்கும். அந்தச் சூட்டுக் காற்றைப் பெரிய விசிறி ஒன்று துளைகள் வழியாக மேலே தள்ளும். தகட்டின்மேல் ஈர மாவைக் கொட்டினால் காற்று அதைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். மாவு தகட்டிலும் உட்காராது, பறந்தும் போகாது. உலையில் அரிசி கொதிக்கிற மாதிரி அந்தரத்தில் தளதளவென்று புரண்டுகொண்டே காயும். முதல் தடவை பார்த்தபோது பூங்காவனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

எல்லாம் தானியங்கி. சூடு அதிகமானால் பர்னர் தானாக நிற்கும், குறைந்தால் தானாகப் பற்றிக்கொள்ளும். விசிறி நின்றுவிட்டால் அந்த நொடியே பர்னரும் நின்றுவிடும். ஈர மாவு கணக்காக வந்து விழும். சுவரில் ஒரு பேனல், அதில் சிவப்பும் பச்சையுமாக விளக்குகள். ‘அது தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்’ என்று இயந்திரம் விற்ற கம்பெனியின் வெள்ளைக்கார இன்ஜினியர் சொன்னார். அவர் சிங்கப்பூரிலிருந்து வந்து பதினொரு நாள் இருந்து பொருத்திக்கொடுத்தார்.

அந்தப் பதினொரு நாளும் பொன்னுதுரை அவர் கூடவே நின்றான். தகட்டை மட்டம் பார்ப்பதற்கே மூன்று நாள் ஆயிற்று. இன்ஜினியர் மட்டப்பலகையை வைத்து எல்லாம் சரி என்றார். பொன்னுதுரை கண்ணாடி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த மூலையில மாவு தூங்குது சார்” என்றான். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். இன்ஜினியர் போய்ப் பார்த்தார். இடது மூலையில் ஒரு கை அளவு மாவு அசையாமல் கிடந்தது. தகட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய இரும்புத் துண்டைச் செருகியதும் அதுவும் எழுந்து கொதிக்க ஆரம்பித்தது. இன்ஜினியர் பொன்னுதுரையின் தோளைத் தட்டிக்கொடுத்தார். டிப்ளமா வாங்கிய எனக்கு அது வயிற்றெரிச்சலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

கடைசியாக அவர் காற்றின் அளவை அமைத்தார். காற்று வரும் குழாயில் ஒரு தகட்டு மடல் இருந்தது. அதைத் திருப்பினால் காற்று கூடும், குறையும். காற்று கூடினால் மாவு மேலே தொங்கும் துணிப்பைகளுக்குப் பறந்துவிடும். குறைந்தால் தகட்டில் உட்கார்ந்து கருகும். மடலைச் சரியான இடத்தில் நிறுத்தி, திருகை முடுக்கி, மேலே சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு போட்டார். “சிவப்புப் பூசிய எதையும் யாரும் தொடக்கூடாது என்று சொல்” என்றார். சொன்னேன். பொன்னுதுரை தலையாட்டினான்.

அவர் போனதும் பெரியப்பச்சி, “எல்லாத்தையும் தமிழ்ல ஒரு அட்டையில எழுதி மாட்டிருப்பா. ஆளு படிச்சுக்கிட்டு ஓட்டட்டும்” என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. கம்பெனி கொடுத்த இங்கிலீஷ் புத்தகத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து பத்து வரி எழுதினேன். பேனலில் இருந்த பொத்தான்களுக்குக் கீழே சிறிய காகிதங்கள் ஒட்டினேன்: ‘காற்று’, ‘நெருப்பு’, ‘மாவு’. சுருக்கமாக, அழகாக.

அட்டையின் எட்டாவது வரி இது: ‘மாவு பைக்குப் பறந்தால் காற்றை அடை. அடங்கியதும் திற.’

நான் நினைத்தது மடலை. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது: மாவு பறந்தால் மடலைத் தளர்த்திக் கொஞ்சம் மூடி, காற்றைக் குறைத்து, பிறகு பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். எங்கள் பக்கத்தில் வாய்க்கால் மடையை அடைப்போம், ஓட்டையை அடைப்போம், குழாயை அடைப்போம். காற்று வழியை அடை என்றால் யாருக்குப் புரியாது?

அட்டையை மாட்டிய அன்று பொன்னுதுரை அதன் முன்னால் வெகுநேரம் நின்றான். ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தான். பிறகு என்னிடம் வந்தான். பூங்காவனம், மூட்டை தூக்குகிற கலியாணசுந்தரம், இன்னும் நாலைந்து பேர் அங்கே நின்றிருந்தார்கள்.

“சார், ஒரு வெவரம். பத்தாவது வரியில ‘நிறுத்து’ன்னு போட்டிருக்கீங்க. எட்டாவதுல ‘அடை’ன்னு போட்டிருக்கீங்க. ரெண்டும் ஒண்ணுதானுங்களா, வேறயா?”

நியாயமான கேள்வி. அவனைக் கூட்டிக்கொண்டு நாலு அடி நடந்து மடலைத் தொட்டுக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியதை ஒரு தோட்டத்து ஆள் குறுக்குக் கேள்வி கேட்கிறானே என்று வந்தது. கடையில் எடையை ‘எத்தன காத்தி’ என்று கேட்பதும், கஷ்டத்தை ‘சூசா’ என்பதும், பாதிக்குப் பாதி மலாய் கலந்து பேசுவதுமான அவர்கள் தமிழைக் கேட்டாலே எனக்கு இளக்காரம்.

“நிறுத்துன்னா நிறுத்து, அடைன்னா அடை. வேற வேற வார்த்தைன்னா வேற வேற அர்த்தம்தானே? எங்க ஊர்ல சின்னப் பிள்ளைக்குத் தெரியும். ஆறு வருஷம் பள்ளிக்கூடத்துல என்னத்தப் படிச்ச நீ?”

கலியாணசுந்தரம் சிரித்தான். மற்றவர்களும் சிரித்தார்கள். பூங்காவனம் தலையைக் குனிந்துகொண்டு ஊசியில் சணல் கோத்தாள். பொன்னுதுரையின் முகம் சிறுத்துப்போனது. “இல்ல சார், தெரியும் சார்” என்றான். அதற்குப் பிறகு அட்டையைப் பற்றி அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

ஏழு வாரம் டிரையர் ஒழுங்காக ஓடியது. காலை ஏழு மணிக்கு வந்து முதலில் காற்று, பிறகு நெருப்பு, பிறகு மாவு என்று அட்டையில் இருந்தபடி தொடங்குவான். காய்ந்த மாவில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பார்ப்பான். கட்டியாக நின்றால் ஈரம், விரலிடுக்கில் வழிந்தால் பதம். மாலையில் முதலில் நெருப்பை நிறுத்தி, அரை மணி நேரம் வெறும் காற்றை ஓடவிட்டு, பிறகு காற்றை நிறுத்துவான். அந்த அரை மணி எதற்கு என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பர்னர் நின்றாலும் கீழே செங்கல் ஆறுவதற்கு அவ்வளவு நேரம் பிடிக்கும். ஆறாத செங்கல்மேல் காற்றில்லாமல் மாவு உட்கார்ந்தால் தகட்டில் கங்காகக் கனிய ஆரம்பித்துவிடும். பர்னரை நிறுத்தத்தான் அந்தத் தானியங்கிக்குத் தெரியும். செங்கல்லை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

எட்டாவது வாரம், புதன்கிழமை பிற்பகல் மூன்று மணி. அந்த வாரம் மழையே இல்லை. கிழங்கு வறண்டு வந்தது, மாவு வழக்கத்தைவிட நைசாக விழுந்தது. நான் முன்பக்க ஆபீசில் உட்கார்ந்து சிங்கப்பூருக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். விசிறியின் இரைச்சல் சட்டென்று நின்றது. காலையிலிருந்து மண்டையைக் குடைந்த சத்தம் அது. நின்றதும் எனக்குச் சுகமாக இருந்தது. ஏன் நின்றது என்று எழுந்துபோய்ப் பார்க்கவில்லை. பத்து நிமிஷமோ பன்னிரண்டோ, நிம்மதியாகக் கடிதத்தை முடித்தேன். அப்புறம் இரைச்சல் திரும்பவும் தொடங்கியது.

நான் கடித உறையை நாக்கில் ஈரப்படுத்திக்கொண்டிருந்தபோது வெடித்தது.

முதலில் ஒரு அடி. ஆபீஸ் ஜன்னல் என்மேல் வந்து விழுந்தது. அடுத்து, கூரைச் சட்டங்களில் மாதக்கணக்கில் படிந்திருந்த மாவெல்லாம் உதிர்ந்து அதுவும் பற்றிக்கொண்டது. அது இரண்டாவது அடி. அடுப்படியில் பிசைகிற மாவு அப்படி வெடிக்கும் என்று என் அம்மாவிடம் சொன்னால் நம்பமாட்டாள். நான் படித்தவன். காற்றில் மிதக்கும் மாவில் ஒரு கங்கு விழுந்தால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் தனியாக ஒரு பக்கமே இருந்தது.

பூங்காவனம் டிரையருக்கு நேர் கீழே மூட்டை தைத்துக்கொண்டிருந்தாள். அவளை வெளியே எடுத்தபோது உயிர் இல்லை. பொன்னுதுரை பேனல் பக்கம் நின்றிருந்தான். முகமும் மார்பும் இரண்டு கைகளும் வெந்துபோயிருந்தன. அந்தக் கையோடு அவன் பூங்காவனத்தைத் தேடித் திரும்ப உள்ளே போகப் பார்த்ததாகவும், நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டதாகவும் கலியாணசுந்தரம் அழுதுகொண்டே சொன்னான்.

மறுநாள் பூங்காவனத்தை எரித்துவிட்டு அஞ்சலை நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். நானும் போயிருந்தேன். உண்மையைச் சொன்னால், அவன் ஏன் விசிறியை நிறுத்தினான் என்று எனக்கு ஆத்திரம். ‘முட்டாள், முட்டாள்’ என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் போனேன். கொசுவலைக்குள் கிடந்தான். கண் மட்டும் தெரிந்தது. தொண்டை வெந்திருந்ததால் குரல் எழும்பவில்லை. காதை அவன் வாயருகில் கொண்டுபோனால்தான் கேட்டது.

“சார், நான் தப்பா ஏதும் செஞ்சிட்டனா?”

நான் இன்னும் குனிந்தேன்.

“அட்டையில உள்ள மாதிரிதான் செஞ்சேன் சார். அஞ்சலை ஒண்ணும் பேச மாட்டேங்குறா. அவ தங்கச்சிய நான்தான் கவனமில்லாம கொன்னுட்டேன்னு நெனைக்கிறாளோ என்னவோ. நான் சாவுறதுக்கு முன்னாடி அது மட்டும் அவளுக்குத் தெளிவாயிடணும் சார். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

அட்டையில் உள்ள மாதிரி எங்கே செய்தாய் என்று கேட்க வாயெடுத்தேன். அப்போது ஒரு மலாய் நர்ஸ் உள்ளே வந்தாள். பக்கத்துக் கட்டில் நோயாளிக்குக் குளிரெடுத்தது போல. சுவரைக் கைகாட்டி, “துத்துப் கிப்பாஸ்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த நோயாளிக்குத் துணையாக இருந்த ருக்மணி என்கிற அம்மா புரியாமல் விழித்தாள். அஞ்சலை அவளிடம், “பேன அடைக்கச் சொல்றாங்கக்கா” என்றாள்.

மின்விசிறியை எதை வைத்து அடைப்பது? நான் அண்ணாந்து பார்த்தேன். அஞ்சலை எழுந்துபோய் சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டினாள். விசிறி மெதுவாகி, மெதுவாகி, நின்றது.

நான் அஞ்சலை பக்கம் திரும்பினேன். “அடைக்கிறதுன்னா அதுவா?” என்று கேட்டேன்.

“என்னங்கய்யா?”

“பேனை அடைன்னா... நிறுத்துறதா?”

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். “ஆமாங்க. லைட்ட அடைப்போம், பேன அடைப்போம். வேணும்னா தொறந்துக்குவோம். உங்க ஊர்ல எப்படிச் சொல்வீங்க?”

மலாய்க்காரர்கள் கதவை மூடுவதற்கும் விளக்கை நிறுத்துவதற்கும் ‘துத்துப்’ என்று ஒரே வார்த்தை வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டுத் தமிழர்கள் மூன்று தலைமுறையாக அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இது மலாக்காவில் ஒரு பச்சைக்குழந்தைக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை. நான் சாப்பிட்டது, படுத்தது, பேசியது எல்லாம் ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் இருந்த கிட்டங்கி என்கிற எங்கள் செட்டியார் விடுதியில், எங்கள் ஊர்க்காரர்களோடு மட்டும். எட்டு மாதமாக இவர்கள் பேசியதை நான் கேட்டதே இல்லை. கேட்டுச் சிரித்ததோடு சரி.

காற்றை அடை. அடங்கியதும் திற. ‘காற்று’ என்று நானே காகிதம் ஒட்டிய பொத்தான் அவன் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. சிவப்புப் பூசிய மடலைத் தொடாதே என்று நானே சொல்லியிருந்தேன். மாவு பறந்தது, பொத்தானை அழுத்திக் காற்றை அடைத்தான். அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தான். அதற்குள் தகட்டில் உட்கார்ந்த மாவு கீழே கனிந்துகொண்டிருந்தது. பிறகு திறந்தான். எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறான்.

அன்று சாயங்காலமே பெரியப்பச்சியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கணக்குப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்.

“அந்த அட்டை இருக்கா?”

“பேனலோட எரிஞ்சு போச்சு.”

“உன்னைய யாரும் கேட்டாகளா?”

“இல்ல.”

“கேக்காததுக்கு ஏன் பதில் சொல்ற?” என்றார். அதற்குமேல் அவர் என்னை மிரட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. பழியை அவர்மேல் போட எனக்கு வழியே கிடையாது. கிட்டங்கிக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, அட்டைக்காகப் பென்சிலில் எழுதிப் பார்த்திருந்த தாளை எடுத்துக் கிழித்துச் சாக்கடையில் போட்டேன்.

ஐந்தாம் நாள் கோலாலம்பூரிலிருந்து ஆய்வாளர் வந்தார். இங்கிலாந்திலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகாத வெள்ளைக்காரர். மலாய் தெரியாது, தமிழ் தெரியாது. வாக்குமூலம் வாங்க மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்திருக்க வேண்டும், கோர்ட்டில் மாட்டிக்கொண்டார். ஆய்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “உனக்குத்தான் இரண்டும் தெரியுமே” என்றார். அஞ்சலையை வெளியே இருக்கச் சொன்னார்கள். வலைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் அவர், அந்தப் பக்கம் கட்டிலில் பொன்னுதுரை, நடுவில் நான் குனிந்துகொண்டு.

“விசிறியை ஏன் நிறுத்தினீங்கன்னு கேக்குறாரு” என்றேன். அன்றுதான் முதல் தடவையாக அவனுக்கு நான் மரியாதை கொடுத்துப் பேசினேன்.

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னான். “மாவு பைக்குப் பறந்துச்சு சார். காத்த அடைன்னு அட்டையில போட்டிருந்துச்சு. அடைச்சேன். அடங்குற வரைக்கும் பார்த்துட்டுத் தொறந்தேன். நீங்கதான சார் எழுதுனீங்க. உங்களுக்குத் தெரியுமே. சொல்லுங்க சார்.”

அதில் குற்றச்சாட்டு ஒரு துளிகூட இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. எழுதியவனே பக்கத்தில் இருக்கிறான், அவனைவிட நல்ல சாட்சி யார் என்று நம்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆய்வாளர் பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார். நான் இங்கிலீஷில் சொன்னேன்: “மாவு பறப்பதைப் பார்த்ததும் பதறிவிட்டாராம். காற்றைக் குறைக்க வேண்டும் என்றுதான் அட்டையில் இருந்ததாம். அவசரத்தில் மறந்து விசிறியை நிறுத்திவிட்டாராம்.”

“அறிவுரைக்கு மாறாகச் செய்தோம் என்று ஒப்புக்கொள்கிறாரா?”

நான் பொன்னுதுரையிடம் குனிந்து, “நீங்க சொன்னது எல்லாம் உண்மைதானான்னு கேக்குறாரு” என்றேன்.

“ஆமா சார். சாமி சத்தியமா” என்றான்.

“ஒப்புக்கொள்கிறார்” என்றேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே எத்தனையோ விளக்கம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயம். வேறு எதுவும் இல்லை. ஜெயிலுக்குப் போய்விடுவேன் என்று பயம், கப்பலேற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயம், ஒரு கூலிக்காரனுக்குத் தமிழ் எழுதிக்கொடுக்கத் தெரியாதவன் என்று ஊரில் பேசுவார்கள் என்றும் பயம்.

ஆய்வாளர் எழுதி முடித்துப் பேனா மூடியைத் திருகினார். பொன்னுதுரை என் சட்டைக் கையைத் தொட முயன்றான். கட்டுப்போட்ட கை பாதி தூரம் வந்து விழுந்தது.

“எல்லாத்தையும் சொல்லிட்டீங்களா சார்?”

“சொல்லிட்டேன்.”

“எழுதிக்கிட்டாங்களா?”

“எழுதிக்கிட்டாங்க.”

“அப்ப சரி” என்றான். ஐந்து நாளில் முதல் தடவையாக அவன் கண்கள் தெளிந்தன. அஞ்சலை உள்ளே வந்ததும் அவளிடம் அவனே சொன்னான். அவள் காதைக் குனிந்து கொடுத்துக் கேட்டுவிட்டு, அத்தனை நாள் வராத அழுகையை அழுதாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கும்பிட்டாள். “அவரு மேல தப்பில்லன்னு தொரைகிட்டச் சொன்னீங்களாம். இத்தன நாளு நானும் அவர ஒரு மாதிரியா நெனச்சு, மூஞ்சி குடுக்காம இருந்துட்டேன்யா. நீங்க நல்லா இருக்கணும்.” நான் அந்தக் கும்பிட்ட கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஓடிப்போய் ஆய்வாளரை மறித்திருக்கலாம். அவருடைய கார் இன்னும் வாசலில்தான் நின்றது.

மறுநாள் காலை பொன்னுதுரை செத்துப்போனான்.

மூன்று வாரம் கழித்து ஆய்வாளரின் முடிவு வந்தது. தொழிலாளர்கள் பார்க்கும்படி மில் வாசலில் இங்கிலீஷ், மலாய், தமிழ் மூன்றிலும் ஒட்ட வேண்டும் என்று உத்தரவு. தமிழில் எழுத என்னைவிட்டால் ஆள் ஏது? எழுதினேன். ‘இயந்திரத்தை இயக்கிய பொன்னுதுரை, எழுத்து மூலம் தரப்பட்ட அறிவுரைக்கு மாறாக, கவனக்குறைவால் விசிறியை நிறுத்தியதே இரு உயிர்கள் போனதற்குக் காரணம். இதை அவரே தம் வாக்குமூலத்தில் ஒப்புக்கொண்டுள்ளார்.’ இந்தத் தடவை ஒவ்வொரு வார்த்தைக்கும் இங்கே என்ன பொருள் என்று கலியாணசுந்தரத்திடம் கேட்டுக் கேட்டு எழுதினேன். எல்லாருக்கும் நன்றாகப் புரிந்தது.

இரண்டு நாள் கழித்து, பொன்னுதுரை மில்லில் விட்டுவிட்டுப்போன சாமான்களை வாங்கிக்கொண்டு போக அஞ்சலை வந்தாள். ஒரு சோற்று டப்பா, ஒரு மாற்றுச் சட்டை, அவ்வளவுதான். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் அவள் வெகுநேரம் நிற்பதை ஆபீசிலிருந்து பார்த்தேன். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே வந்தாள். டப்பாவையும் சட்டையையும் மேசைமேல் எடுத்து வைத்தேன். அவள் சட்டையை மட்டும் கையில் எடுத்து மடித்தாள். மடிப்பை நீவிக்கொண்டே கேட்டாள்.

“ஒப்புக்கிட்டாருன்னு போட்டிருக்குதே. அவரு வாயால சொன்னாருங்களா ஐயா?”

ஒரே ஒரு வார்த்தை. ‘இல்லை’ என்று சொன்னால் போதும். அறையில் வேறு யாரும் இல்லை. ஆய்வாளர் இல்லை, பெரியப்பச்சி இல்லை. அவளும் நானும் மட்டும்.

“சொன்னார்” என்றேன்.

“நீங்கதான் கூட இருந்தீங்க.”

“ஆமாம்.”

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் பொய் சொல்லுவேன் என்ற சந்தேகம் அந்தப் பார்வையில் துளியும் இல்லை.

“அப்ப எங்கிட்ட மட்டும் மாத்திச் சொல்லிட்டுப் போயிட்டாரு” என்றாள். “சாவுறப்போகூட. எந்தங்கச்சி படத்துக்குப் பக்கத்துல அவரு படத்த மாட்டி வெச்சு ரெண்டுக்கும் பூ போட்டுக்கிட்டு இருக்கேன்யா நான். போய்க் கழட்டிடுறேன்.”

மடித்த சட்டையை மேசைமேலேயே திரும்ப வைத்துவிட்டு, டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள்.